இரண்டாம் உத்தியோகமும் இல்லறமும்

மாலை நான்கேகால் மணியாகின்றது. அரசாங்கக் கந்தோர்களில் கோப்புகள் மூடப்படுகின்றன. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்திலும், யாழ்ப்பாணத்துப் பஸ் நிலையத்திலும், கண்டியிலும், மட்டக்களப்பிலும் வீடு நோக்கிச் செல்வோரின் கூட்டம் பெருகுகின்றது. ஒரு காலத்தில் இக்கூட்டத்தினருட் பலருக்கு அன்றைய உழைப்பு அவ்வளவில் நிறைவெய்தியது. வீடு சென்று, கைகால் கழுவி, விளக்கேற்றிப் பிள்ளைகளின் நடுவில் அமர்வதே எஞ்சிய கடமையாக இருந்தது. இன்று அவர்களிற் பலருக்கு விளக்கேற்றும் வேளையில் இரண்டாவது வேலை தொடங்குகின்றது. காலையில் இலிகிதராகவோ ஆசிரியராகவோ விளங்கியவர் மாலையில் பிரத்தியேக வகுப்பு நடத்துகின்றார். முச்சக்கர வண்டி ஓட்டுகின்றார். கடையொன்றின் கணக்கை எழுதுகின்றார். தையல் இயந்திரத்தின் முன் அமர்கின்றார். ஒரு முழு உத்தியோகம், ஓர் அரை உத்தியோகம், இவற்றின் இடையே வளரும் பிள்ளைகள் என்னும் மூன்றையும் எவ்வாறு ஒருங்கே தாங்குவது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இரண்டு தொழில் செய்வது இந்நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உத்தியோகமும் தோட்டமும் நெடுங்காலமாக ஒரே குடும்பத்தில் இணைந்திருந்தன. பாடசாலை செல்லுமுன் தோட்டத்துக்கு இறைத்துவிட்டுச் செல்லும் ஆசிரியரையும், கந்தோரால் வந்ததும் சால்வையை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்கும் எழுதுவினைஞரையும் அக்கிராமங்கள் நன்கறியும். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன; படித்தவர்களும் தோட்டத்தை நாடினர். மலைநாட்டில் பெரட்டுக்குச் சென்று பேர் போட்டு உழைத்த தொழிலாளர், ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தனர். மாலையில் லயத்தின் அருகே சிறு மரக்கறித் தோட்டம் செய்தனர்.

ஆயினும் அக்காலத்து இரண்டாம் தொழிலுக்கும் இக்காலத்து இரண்டாம் தொழிலுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தோட்டம் வீட்டின் அருகிலே இருந்தது. தந்தை இறைக்கும்போது பிள்ளை பாத்திக்குத் தண்ணீர் மாறிற்று. தாய் வெங்காயம் பிடுங்கும்போது மகள் அருகிலிருந்து பிடி கட்டினாள். வேலையின் ஊடே கதையும் நடந்தது; கண்டிப்பும் நடந்தது; வாய்பாடு கேட்பதும் நடந்தது. அத்தொழில் பெற்றோரைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கவில்லை. இக்காலத்து இரண்டாம் உத்தியோகமோ பெற்றோரை வீட்டிலிருந்து வெளியே அழைத்துச் செல்கின்றது. அன்றேல், வீட்டினுள்ளேயே ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொள்ளச் செய்கின்றது.

இந்நிலை இவ்வளவு பரவியதற்குக் காரணம் பேராசை என்று ஒருவரும் எளிதிற் கூறிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு இந்நாட்டு மக்களின் நினைவில் ஆழப் பதிந்த ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. டொலர் ஒன்றுக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த நாணயப் பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாவளவுக்கு வீழ்ந்தது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகவும், உணவுப் பொருள்களின் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆகவும் உயர்ந்தன. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. சம்பளமோ அவ்வாறு உயரவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்து உணவு விளைவிக்கும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. உத்தியோகம் ஒன்றினால் மட்டும் ஒரு குடும்பம் உண்டு வாழ இயலாது என்பதை அரசாங்கமே ஒருவகையில் ஏற்றுக்கொண்ட செய்கை எனலாம். பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஆனால் ஏறிய விலை ஏறியபடியே நின்றது. அன்று பட்ட கடனை இன்றும் இறுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. ஆதலால், மாலை நேர உழைப்பை நாடியவர்களின் நோக்கம் பெரும்பாலும் நேரியதே. பிள்ளைகளின் நலங்கருதியே அவர்கள் உழைக்கின்றனர். இடர்ப்பாடு அங்கேதான் இருக்கின்றது. பிள்ளைகளுக்காகவே செய்யப்படும் உழைப்பு, பிள்ளைகளுக்கு உரிய பொழுதையே உண்டுவிடுகின்றது.

இதனை ஒரு கணக்கினால் தெளிவாக்கலாம். அரசாங்கப் பாடசாலைகள் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவடைகின்றன. கந்தோர் முடிந்து பெற்றோர் வீட்டை அடையும்போது மாலை 5.30 ஆகலாம். சிறு பிள்ளை இரவு 9 மணிக்கு உறங்கச் செல்கின்றது எனக் கொள்வோம். ஆகவே வேலை நாளொன்றில் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே விழித்திருக்கும் மாலைப் பொழுது மூன்றரை மணி நேரம் மாத்திரமே. இரண்டாம் உத்தியோகத்துக்கு இரண்டரை மணியும், அதற்குப் போய் வர அரை மணியும் செல்லுமாயின், எஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியிலும் குளிப்பும் சாப்பாடும் அடங்கவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் மூன்று மணிதானே என்று எண்ணுபவர், அம்மூன்று மணியும் பிள்ளைக்குக் கிடைக்கும் மூன்றரை மணியிலிருந்தே கழிகின்றது என்பதை மறந்துவிடுகின்றனர்.

வருவாயையும் அவ்வாறே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். உதாரணத்துக்காக, ஒருவர் மாதத்தில் இருபது மாலைகள், மாலைக்கு இரண்டரை மணியாக உழைத்து 20,000 ரூபா பெறுகின்றார் எனக் கொள்வோம். ஐம்பது மணி நேரத்துக்கு 20,000 ரூபா. மணிக்கு 400 ரூபா. பார்வைக்கு இது நல்ல வருவாயே. ஆனால் போக்குவரவுக்கு 3,500 ரூபா செல்கின்றது. வீட்டிற் சமைக்க நேரமின்றிக் கடையில் வாங்கும் பாணுக்கும் கொத்துறொட்டிக்கும் 4,000 ரூபா மேலதிகமாகச் செல்கின்றது. தாமே சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய பாடத்துக்குப் பிள்ளையை வேறோர் ஆசிரியரிடம் அனுப்புவதால் 3,000 ரூபா செல்கின்றது. எஞ்சுவது 9,500 ரூபா. போக்குவரவில் கழிந்த பத்து மணியையும் சேர்த்தால் உழைத்த நேரம் அறுபது மணி. ஆகவே மணி ஒன்றின் உண்மையான பெறுமதி சுமார் 158 ரூபா. 400 என்று எண்ணிய இடத்தில் 158 நிற்கின்றது. இக்கணக்கைக் கடதாசியில் எழுதிப் பார்க்காமலே பலர் ஆண்டுக்கணக்காக உழைத்துவருகின்றனர். எழுதிப் பார்த்தபின்னும் அத்தொகை குடும்பத்துக்கு இன்றியமையாதது என்று கண்டால் உழைப்பது முறையே. எழுதிப் பாராமல் உழைப்பது முறையன்று.

மனித உடலும் தனக்குரிய கணக்கை வைத்திருக்கின்றது. வளர்ந்தோர்க்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டுமென வைத்தியர்கள் கூறுவர். ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை வேண்டும். அதிகாலை 4.30 மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, இரு தொழிலும் முடித்து இரவு 11 மணிக்குப் படுக்கும் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்தரை மணி. நாளொன்றுக்கு ஒன்றரை மணி குறைகின்றது. வேலை நாள்கள் ஐந்திலும் ஏழரை மணி குறைகின்றது. வாரந்தோறும் ஒரு முழு இரவின் உறக்கத்தை அவர் இழந்துவிடுகின்றார். ஒருவர் தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பாராயின், அவருடைய கைகண்களின் விரைவு, இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மதுசாரம் கலந்தவருடைய விரைவுக்கு ஒப்பாகக் குறைந்துவிடுகின்றது என்று 1997ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். 4.30 மணிக்கு எழுந்தவருக்கு அப்பதினேழாவது மணி முடிவடைவது இரவு 9.30 மணியில். மது அருந்தாத, ஒழுக்கமுள்ள ஒரு தந்தை, குடும்பத்துக்காக முச்சக்கர வண்டி ஓட்டிச் செல்லும் வேளை அது. அவருக்கும், அவரை நம்பி வண்டியில் ஏறியவருக்கும் உள்ள ஆபத்தை அவருடைய நல்லெண்ணம் நீக்கிவிடமாட்டாது.

தொழில் நேரத்தை வரையறுக்க உலகம் நெடுநாட் போராடியது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என நாளை மூன்றாகப் பகுக்கவேண்டுமென ரொபேட் ஓவன் என்னும் ஆலை அதிபர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வற்புறுத்தினார். 1919ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தனது முதலாவது சமவாயத்திலே கைத்தொழில்களுக்கு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என எல்லை வகுத்தது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணியும் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணியும் என விதித்தது. ஆனால் தமக்குத் தாமே எசமானராக ஒருவர் மாலையில் உழைக்கும்போது அம்மணிகளை எண்ணுவார் எவருமில்லை. நாற்பத்தைந்து மணியோடு மாலை உழைப்பு பன்னிரண்டரை மணியைக் கூட்டினால் ஐம்பத்தேழரை மணியாகின்றது. வாரத்துக்கு ஐம்பத்தைந்து மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, முப்பத்தைந்து முதல் நாற்பது மணி வரை உழைப்பவர்களைக் காட்டிலும் பாரிசவாத ஆபத்து நூற்றுக்கு 35 பங்கும், இதய நோயால் இறக்கும் ஆபத்து நூற்றுக்கு 17 பங்கும் மிகுதி என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021ஆம் ஆண்டில் ஒருங்கே அறிவித்தன. சட்டம் காவாத இடத்தில் அறிவே காவலாதல் வேண்டும்.

பெண்களின் நிலையை இங்கே தனித்து எடுத்துக் கூறவேண்டியுள்ளது. ஆர்லி ஹொக்சைல்ட் என்னும் அமெரிக்க சமூகவியலாளர், உத்தியோகம் முடிந்து வீடு திரும்பும் தாய்மாருக்கு வீட்டு வேலையே இரண்டாம் முறை வேலையாகக் காத்திருக்கின்றது என்பதை 1989ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். இலங்கையில் 2017ஆம் ஆண்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும், ஊதியமற்ற வீட்டுப் பணியிற் பெரும்பங்கைப் பெண்களே சுமக்கின்றனர் என்பதைக் காட்டிற்று. ஆகவே மாலையில் தையலோ வகுப்போ மேற்கொள்ளும் தாய்க்கு அது இரண்டாம் உத்தியோகமன்று, மூன்றாம் உத்தியோகம். கணவன் மாலையில் உழைக்கும் வீட்டிலே மனைவி அவனுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருக்கின்றாள். மனைவி மாலையில் உழைக்கும் வீட்டிலோ அவளே வந்து உலை வைக்கவேண்டியிருக்கின்றது. இந்த அநீதியை நீக்கச் சட்டம் வேண்டியதில்லை. தேங்காய் துருவவும் கோப்பை கழுவவும் ஓர் ஆண்மகன் கை நீட்டினால் போதும்.

கணினியும் கைத்தொலைபேசியும் இச்சிக்கலுக்குப் புதியதொரு முகத்தைக் கொடுத்துள்ளன. 2020ஆம் ஆண்டில் தொற்றுநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியரும் மாணவரும் திரை வழியே கூடப் பழகினர். அதன்பின் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் கணிதமும் சங்கீதமும் இங்கிருந்தே கற்பிக்கும் வாய்ப்பு மிகுந்தது. வெளியே போகவேண்டியதில்லை, பஸ் கட்டணமில்லை. ஆனால் உலகம் உருண்டை என்பதை இங்கே மறக்கலாகாது. இலண்டனில் மாலை 5 மணிக்குப் பிள்ளை பாடசாலையால் வந்து அமரும்போது, யாழ்ப்பாணத்தில் கோடைக்காலத்தில் இரவு 9.30 மணி, அந்நாட்டு மாரிக்காலத்தில் இரவு 10.30 மணி. ரொறன்ரோவில் மாலை 6 மணியெனின் இங்கே விடியற்புறம் 3.30 மணியோ 4.30 மணியோ ஆகும். கடல் கடந்த பிள்ளையின் மாலைப் பொழுதை இனிதாக்கும் ஆசிரியை தன் உறக்கத்தைக் கொடுத்தே அதனைச் செய்கின்றாள். அடுத்த அறையில் உறங்கும் தன் பிள்ளை இடையில் விழித்து அழுதால், அவள் கையசைத்து அடக்கவேண்டியிருக்கின்றது.

பிரத்தியேக வகுப்பு நடத்துவோரின் வீடுகளில் இவ்விடர்ப்பாடு மிகக் கூர்மையாகத் தோன்றும். ஊர்ப் பிள்ளைகள் அறுபது பேரைப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் ஆசிரியரின் மகன், தன் தந்தையிடம் ஒரு கணக்கின் விளக்கத்தைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கின்றான். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பென்றால் கேட்பதையே விட்டுவிடுகின்றான். அவ்வாறு விட்டுவிடுவதுதான் அஞ்சத்தக்கது. சிறு பிள்ளை முதலில் அழுது கேட்கும். பின்னர் அடம்பிடித்துக் கேட்கும். அதன்பின் கேளாமலே இருந்துவிடும். பெற்றோர் அதனைப் பிள்ளைக்கு விளக்கம் வந்துவிட்டதென்று மகிழ்வதுண்டு. பிள்ளை தன் கேள்வியை வேறோரிடத்துக்குக் கொண்டுபோய்விட்டது என்பதே பல வேளைகளில் உண்மை. பதின்மூன்று, பதினான்கு வயதில் அப்பிள்ளையோடு பேசப் பெற்றோர் விரும்பும்போது, பேச்சின் பழக்கமே அற்றுப்போயிருக்கும். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியவன் கதையை முன்னோர் பழமொழியாகச் சொல்லிவைத்தது இத்தகைய வாணிகத்தை எண்ணியே போலும்.

எனினும், இரண்டாம் உத்தியோகத்தைக் கைவிடுங்கள் என்று பொதுவாகப் போதிப்பது, அடுப்பில் பூனை உறங்கும் வீட்டாருக்கு விருந்தின் இலக்கணம் கூறுவது போலாகும். கணவனை இழந்து, தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குத் தேர்வு என்பதே இல்லை. ஆகவே விடவேண்டுமா, தொடரவேண்டுமா என்று கேட்பதிலும், எந்த அளவில், எதுவரையில், எவ்வாறு என்று கேட்பதே பயனுடையது.

முதலாவதாக, இரண்டாம் உத்தியோகத்துக்கு ஒரு நோக்கமும் ஒரு முடிவும் வேண்டும். வங்கிக் கடன் தீரும்வரை, கூரை வேயும்வரை, மூத்த பிள்ளை பல்கலைக்கழகம் புகும்வரை என்று எல்லை குறித்துக்கொண்டவர், அவ்வெல்லை வந்ததும் நிறுத்தலாம். எல்லை குறியாதவருக்கு வருவாய் கூடக்கூடச் செலவும் கூடும். தற்காலிகமாகத் தொடங்கியது ஆயுட்காலத் தண்டனையாக முடியும்.

இரண்டாவதாக, வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் விலக்கி வைத்தல் வேண்டும். எல்லா மாலைகளிலும் சோர்வோடு அரை மணி கிடைப்பதைவிட, இரு மாலைகள் முழுமையாகக் கிடைப்பது பிள்ளைக்கு உறுதி தரும். செவ்வாயும் வெள்ளியும் அப்பா வீட்டில் நிற்பார் என்று அறிந்த பிள்ளை, திங்கட்கிழமைக் கேள்வியைச் செவ்வாய் வரை பொறுத்து வைத்திருக்கும். அந்நாளை வெளியார் எவருக்கும் விட்டுக்கொடுத்தலாகாது.

மூன்றாவதாக, பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். எதற்காக உழைக்கின்றோம், எவ்வளவு காலம் உழைக்கவேண்டும் என்று வயதுக்கேற்ற மொழியில் கூறினால், எட்டு வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். உனக்காகத்தானே இவ்வளவும் என்று கோபத்திற் சொல்லும் சொல் பிள்ளையின் தலையிற் கடனாக ஏறும். அமைதியாக எடுத்துச் சொன்னால் பிள்ளை வீட்டின் பங்காளியாகும். இயலுமாயின் தோட்டத்துக் காலத்தின் முறையையும் ஓரளவு மீட்கலாம். பலகாரம் செய்து கடைக்குக் கொடுக்கும் தாயின் அருகில் பிள்ளை பாடம் படிக்கலாம், பொதி எண்ணலாம். பிள்ளையின் படிப்பும் உறக்கமும் கெடாத அளவில் அது உதவியாகும். அவ்வளவைக் கடந்தால் கூலி வேலையாகும்.

நான்காவதாக, சட்டத்துக்கு அமைய நடத்தல் நிம்மதிக்கு வழி. அரசாங்க உத்தியோகத்தர் வெளி வேலையொன்றிற் பணம் பெறுவதற்கு முன் அனுமதி பெறவேண்டுமெனத் தாபன விதிக்கோவை வேண்டுகின்றது. மாலை வருவாயும் சம்பளத்தோடு கூட்டப்பட்டே வருமான வரி கணிக்கப்படும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை விலக்கு உண்டு. அதற்கு மேற்படின் தாமே முன்வந்து அறிவித்தல் கடமை. மறைத்து உழைப்பவருக்கு உழைப்பின் களைப்போடு அச்சத்தின் களைப்பும் சேரும்.

இறுதியாக, இப்பாரத்தைத் தனி வீடுகள் மாத்திரம் சுமக்கவேண்டும் என்பது நியாயமன்று. தேயிலைத் தோட்டங்களிலே தாய்மார் மலைக்குச் செல்லும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லப் பிள்ளைக் காம்பரா என்றொரு ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அது குறைபாடுடையதாயினும், உழைப்பவரின் பிள்ளையைப் பார்ப்பதில் உழைப்பைப் பெறுபவருக்கும் பங்குண்டு என்னும் கொள்கையை அது உட்கொண்டது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்க்குச் சமவாய்ப்பு வேண்டுமென 1981ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 156ஆம் சமவாயத்தை வகுத்தது. நகரத்துக் கந்தோர்களும் கம்பனிகளும் அக்கொள்கையை மனத்திற் கொண்டால், வாழத்தக்க சம்பளமும், பிள்ளைப் பராமரிப்பு நிலையமும், நெகிழ்வான நேரமும் கனவாக இரா. அயலவருக்கும் இதிற் பங்குண்டு. வேலைக்குச் சென்ற தாயின் பிள்ளையை மாலை ஒரு மணி நேரம் தன் பிள்ளையோடு சேர்த்து இருத்திப் பார்க்கும் அயல்வீட்டு அம்மம்மா செய்யும் உதவிக்குப் பண மதிப்பு இட இயலாது.

பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் மக்கட்பேற்றுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டுக்கும் பத்துப் பத்துக் குறளே. ஒன்றை மற்றொன்றுக்கு விலையாகக் கொடுக்க அவர் எங்கும் கூறவில்லை. பொருளின்றி இல்லறம் நடவாது. அதனால் மாலையிலும் உழைக்கும் கைகள் மதிப்புக்குரியவை. ஆனால் கடன் அடுத்த மாதத்திலும் கட்டலாம். கூரை அடுத்த ஆண்டிலும் வேயலாம். ஏழு வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டில் எட்டு வயதாகிவிடும். இரண்டாம் உத்தியோகத்துக்குப் புறப்படுமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கும் பெற்றோர், வாரத்தில் இரு மாலைகளுக்கேனும் வாசற்படியைத் தாண்டாது நிற்பார்கள்.